ஈரல் வறுவலுக்கு ஒரு ஹங்கேரி ஒயின்

என் கணவர் சொல்லும் கதைப்படி நான் ஆறு வருடமாக நகரத்தின் மேற்குக் கோடியில், வெஸ்ட்கேட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். பெண்களுக்கான உடைகள், கொஞ்சம் குழந்தைகள் பிரிவு, கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலை அதிகம். யாராவது கேட்டால் இதையெல்லாம் அவர் சளைக்காமல் சொல்வார். உண்மையில் நான் வேலை பார்ப்பது எப்சமில், ஒரு ஒயின் கடையில். பொய்க்கு வெஸ்ட்கேட்டை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் பழகும் குடும்பம் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. நம் ஆட்கள் குடியிருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்தும் மவுண்ட் ராஸ்கில்லிலிருந்தும் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து யாரும் என்னிடம் சட்டை வாங்கப் போவதில்லை.

எப்சம் அப்படியில்லை. பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டுமென்று வாடகை கூடினாலும் சரி என்று அங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கடைக் கண்ணாடிக்கு வெளியே நம் முகம் ஒன்று தெரிந்தால் போதும், நான் பின்னறைக்குள் போய்விடுவேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, அவர்கள் பேச்சுச் சத்தம் ஓய்ந்ததும் வெளியே வருவேன். எத்தனை முறை அப்படி நின்றிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. பொய் சொன்னது அவர். அதற்குக் காவல் காத்தது நான்.

நான் படித்தது நுண்ணுயிரியல். முதுகலைப் பட்டத்தோடு இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் விண்ணப்பம் போட்டேன். எந்த ஆய்வகமும் கூப்பிடவில்லை. உள்ளூர் அனுபவம் இல்லையாம். கடைசியில் என்னைக் கூப்பிட்டது இந்தக் கடையை நடத்தும் பெண்மணிதான். ஹாக்ஸ் பே பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். ஈஸ்ட் பற்றியும் நொதித்தல் பற்றியும் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். இரண்டுக்கு நான் சொன்ன பதில் அவருக்கே தெரியாதது. மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அன்றைக்கு நான் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர், "ரெண்டு மாசம் பாரு. யாராவது கேட்டா ரீடெயில்னு சொல்லிக்கலாம்" என்றார். அந்த ரீடெயில் பிறகு வெஸ்ட்கேட்டுக்குப் போனது. வெஸ்ட்கேட்டுக்குப் போனபின் துணிக்கடை ஆனது.

இந்த மனிதர் குடிக்காதவர் என்றால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு கராஜில் கூட்டம் நடக்கும். கார்களை வெளியே நிறுத்திவிட்டு, மடக்கு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, உருட்டுக் கதவை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டு, நாலைந்து ஆண்கள் விஸ்கியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் ஹாலில் மாம்பழ ஜூஸோடு உட்கார்ந்திருப்போம். சமையலறைப் பக்கத்துக் கதவு வழியாக ஒரு படி இறங்கினால் கராஜ். வறுவல் தட்டை அந்தக் கதவு வரைக்கும் கொண்டுபோய் நீட்டுவோம், உள்ளேயிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். அந்தப் படியில் எந்தப் பெண்ணும் இறங்கியதில்லை. குடிக்கிறார்கள் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். "கராஜ்ல இருக்காங்க" என்பதோடு சரி. இவர்கள் குடித்தால் அது கௌரவமான பொழுதுபோக்கு. நான் பாட்டிலைப் பையில் போட்டு ரசீது கிழித்துக் கொடுத்தால் அது குடும்ப மானப் பிரச்சினை. இந்த நியாயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

போன குளிர்காலத்தில் என் முதலாளியம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, வழக்கமாக வரும் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு ஒயினை அறிமுகம் செய்து, அதற்கேற்ற உணவையும் பரிமாறுவது கடையின் பழக்கம். எப்போதும் அவரேதான் நடத்துவார். இந்த முறை என்னை நடத்தச் சொன்னார். ஒயினை அவர் முடிவு செய்துவிட்டார்: ஹங்கேரியின் டோக்காய் அசூ என்ற இனிப்பு ஒயின், ஆறே பாட்டில்தான் கிடைத்திருந்தது. உணவு என் பொறுப்பு. நன்றாக நடந்தால் இனிமேல் அந்த மாலைகளும், கடைக்கு எந்த ஒயின் வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பும் எனக்கே என்றார். ஆறு வருடம் கல்லாவில் நின்றவளுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் எனக்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டியிருந்தது. என் கணவர் அன்றைக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அதன்பிறகாவது நம் ஆட்களிடம், நம் பாஷையில், என் பெண்டாட்டிக்கு இதுதான் வேலை என்று ஒரு தடவை சொல்ல வேண்டும்.

முதலாளியம்மா அந்த ஆறில் ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார் என்று கொடுத்தார். அரை லிட்டர் பாட்டில், நீண்ட கழுத்து, வெள்ளைக் கண்ணாடிக்குள் செக்கில் ஆட்டிய எண்ணெயின் நிறம். அந்த ஒயின் எப்படி உண்டாகிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. அதை உண்டாக்குவது ஒரு பூஞ்சணம். கல்லூரியில் எனக்குப் பழக்கமான பூஞ்சணம். தக்காளியிலும் ஸ்ட்ராபெர்ரியிலும் சாம்பல் நிறத்தில் படர்ந்து அழுக வைக்கும். பயிர் நோய் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். டோக்காய் என்ற அந்த ஊரில் இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில், இலையுதிர் காலத்துக் காலைகளில் மூடுபனி இறங்கும், மதியம் வெயில் அடிக்கும். அந்தப் பருவத்தில் மட்டும் இந்தப் பூஞ்சணம் திராட்சையை நாசமாக்காது. தோலில் நுண்ணிய துளைகள் போடும், உள்ளிருக்கும் தண்ணீர் வற்றும், பழம் சுருங்கி இனிப்பும் புளிப்பும் ஒன்றாக இறுகும். அப்படிச் சுருங்கிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். அவற்றை இன்னொரு ஒயினில் ஊற வைத்துப் பிழிந்து, நிலவறைப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் படித்த படிப்பைப் பயன்படுத்தியது குளியலறை மூலையில் படரும் கறுப்புப் பூசணத்தைத் துடைக்கத்தான். இப்போது முதல் தடவையாக அந்தப் படிப்பு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் என் முன்னால் இருந்தது. உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் ஜாம், தேன், அடித்தொண்டையில் லேசாக இஞ்சி. அவ்வளவு இனிப்பு, ஆனால் திகட்டவில்லை. கடைசியில் ஒரு புளிப்பு வந்து நாக்கைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போயிற்று.

உணவு விஷயத்தில் முதல் நாளே நான் வழுக்கி விழுந்தேன். ஃபிரிட்ஜில் குலாப் ஜாமூன் இருந்தது, யோசிக்காமல் அதை எடுத்து வைத்துவிட்டேன். பாதாம் பாலோடு ஜிலேபி வைப்பதும், பாயசத்தில் பூந்தியைப் போட்டுக்கொள்வதும் நம் வீட்டு வழக்கம். இனிப்பென்றால் அதற்குத் துணையும் இனிப்புதான் என்று கை தானாகப் போகிறது. ஜாமூன் ஒரு வாய், ஒயின் ஒரு வாய். மூன்று வருடம் பீப்பாயில் கிடந்த ஒயின் சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸாகிவிட்டது. பலகாரம் ஒயினைவிட இனிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று கடையில் நூறு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் புத்தி ஜீராவில் ஊறிவிட்டது.

அதன்பிறகு ஒழுங்காக ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நீலப் பூசணம் ஓடிய சீஸ் பிரமாதமாகப் பொருந்தியது, அதன் உப்பும் காட்டமும் ஒயினின் இனிப்போடு கை கோத்துக்கொண்டன. சாக்லேட் ஆகவில்லை. ரவா கேசரியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, நெய்யையும் குறைத்து, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டால் பொருந்தியது. ஆனால் இதெல்லாம் ஓரத்தில் வைக்கிற சமாச்சாரம். நடுவில் வைக்க ஒன்று வேண்டும். புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் வாத்து ஈரல் என்றன. அதன் விலையும் எனக்குப் பிடிக்கவில்லை, வாத்தின் தொண்டையில் தீனியைத் திணித்து அதைச் செய்கிற விதமும் பிடிக்கவில்லை.

வழி சொன்னது அடுத்த தெருவில் இருக்கும் என் சிநேகிதி. யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் பழக்கத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒரு மாலை வேலை முடிந்து சீருடையோடு வந்தவள் என் சமையலறை மேடையில் பரப்பியிருந்த கிண்ணங்களைப் பார்த்தாள். கதையைக் கேட்டாள். ஒயினை ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"வாத்தீரலுக்குச் சரியெண்டால் ஆட்டீரலுக்கு ஏன் சரிவராது, அக்கா? மிளகு போட்டுப் பிரட்டிப் பாருங்கோவன்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஆறு வருடமாக வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டுக்கு ஒயின் தேடிக் கொடுத்தவளுக்கு, நம் வீட்டுக் கடாயில் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. ஈரல் இங்கே எந்தக் கசாப்புக் கடையிலும் கிடைக்கும், யாரும் சீந்தாமல் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் கிடக்கும். மறுநாள் வாங்கி வந்தேன். மெல்லிய துண்டுகள், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கரகரப்பாக இடித்த மிளகும் சீரகமும், நல்லெண்ணெய். மிளகாய்த் தூள் கிடையாது. பெரிய தீயில் மூன்று நிமிடம், அதற்கு மேல் விட்டால் ரப்பர். நானும் அவளும் நின்றுகொண்டே தின்று பார்த்தோம். மிளகின் காரம் ஏறும்போது ஒயினின் இனிப்பு அதைப் பிடித்துக்கொண்டது. ஈரலின் அந்த இரும்பு வாடையை ஒயினின் புளிப்பு துடைத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். மிளகு மட்டும் ஒரு பங்கு கூடிப்போய், மூன்றாவது வாயில் ஒயினின் ருசியைக் காணோம். அதைச் சரிசெய்ய இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கிறியள். ஏன் ஆக்களுக்குச் சொல்லாமல் ஒளிக்கிறியள்?" அவருக்குப் பிடிக்காது என்றேன். அவள் மற்றக் காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. சர்க்கரை அதிகம் உள்ள ஒயின், திறந்தாலும் குளிரில் வாரக்கணக்கில் கெடாது. இட்லி மாவு டப்பாவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சோதனை, வியாழக்கிழமை நிகழ்ச்சி. இடையில் சனிக்கிழமை வந்தது, கராஜ் நிறைந்தது.

அன்றைக்கு நான் சிக்கன் வறுவல் தட்டை எடுத்துக்கொண்டு கராஜ் கதவுக்குப் போனபோது யாரும் கை நீட்டவில்லை, பேச்சு அவ்வளவு மும்முரம். எட்டிப் பார்த்தேன். மடக்கு மேசையின் நடுவில் என் பாட்டில் காலியாக நின்றுகொண்டிருந்தது. நாலு பிளாஸ்டிக் டம்ளர்களில் ஐஸ் மிதக்க, பழுப்பு நிறத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. கோக் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர்கள் கையோடு இதையும் எடுத்து வந்து, கோக்கை அதில் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். பனியில் நின்று ஒவ்வொரு பழமாகப் பொறுக்கி, வருடக்கணக்கில் நிலவறையில் வைத்து, உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த ஒயின். தட்டைப் பிடித்தபடியே படியில் இறங்கிவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் மூத்தவர் ஒரு மதுரைக்காரர், எல்லோருக்கும் அண்ணன். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். சங்கடத்தை மறைக்க அவர்தான் முதலில் பேசினார். "என்ன மருந்தும்மா இது? ஒரே இனிப்பு. கோக் ஊத்தினப்புறம்தான் உள்ள எறங்குச்சு."

என் வேலைக்காக வைத்திருந்த ஒயின் அது என்றேன்.

"வெஸ்ட்கேட் துணிக்கடையில இதுகூட விக்கிறாங்களா, தங்கச்சி?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்து நியாயமாகத்தான் கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு அமைந்திருக்காது.

"அவ ஃப்ரெண்டு ஒருத்தி குடுத்ததுண்ணே. இவ இதெல்லாம் தொடக்கூட மாட்டா" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். அவர் பொய் சொன்னது எனக்குப் புதிதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வந்தேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹாலில் வந்து உட்கார்ந்து, யாரோ கேட்ட ரசப்பொடிக்குச் செய்முறை வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவரிடம் வியாழக்கிழமை பற்றிச் சொன்னேன். எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்றும், அவர் அங்கே இருக்க வேண்டும் என்றும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். அவர் ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, வேறு வாங்கித் தருகிறேன் என்றார். எங்கே வாங்குவார் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அங்கே நம்ம ஆளுங்க யாராவது வருவாங்களா?

அவர் வரவில்லை. ஆபீசில் மீட்டிங் என்று மதியமே குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு வைத்திருந்தேன். அதை நானே தூக்கிப் பின்னறையில் வைத்தேன். மிளகைக் குத்துமதிப்பாகக் குறைத்து, கடையின் பின்னால் சின்ன அடுப்பில் ஈரலை வறுத்து, உள்ளங்கையளவு தோசைகளின் மேல் வைத்துக் கொடுத்தேன். சீஸ், கேசரி எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் வேண்டுமென்றே ஆளுக்குப் பாதி குலாப் ஜாமூன் கொடுத்து, அதற்கு மேல் ஒயினைக் குடிக்கச் சொன்னேன். பன்னிரண்டு முகமும் ஒரே நேரத்தில் சுளித்தன. நானும் முதலில் இந்தத் தப்பைத்தான் செய்தேன் என்று சொல்லி, ஏன் என்பதை விளக்கினேன். பூஞ்சணத்தைப் பற்றி நான் பேசியபோது ஒருவர்கூட கைப்பேசியைப் பார்க்கவில்லை. என் முதலாளியம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஈரலை மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். மறுநாள் காலை, அடுத்த பருவத்துக்கு வாங்க வேண்டிய ஒயின் பட்டியலை என் கையில் கொடுத்து, இனி இது உன் வேலை என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்றார். ஓவர் முடிந்ததும், இப்போதைக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றார். முந்தின நாள் மீட்டிங் எப்படிப் போனது என்று கேட்டேன். எந்த மீட்டிங் என்றார்.

மூன்று வாரம் கழித்து அவரே என்னைத் தேடிச் சமையலறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய மேலாளர் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறாராம். இந்த ஊர்க்காரர், ஒயின் என்றால் உயிராம். ஒரு டீமுக்குத் தலைமையேற்கும் வாய்ப்பு அவர் கையில் இருக்கிறதாம். "அந்த ஈரல், அந்த ஹங்கேரி ஒயின், அதையே பண்ணிடேன். நீ ஒயின்ல பெரிய ஆளுன்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தான் சொல்லியிருக்கேன். ஒரு மூணு வருஷமாத் தெரியும் அவருக்கு. ஆபீஸ்ல எல்லாருக்குமே தெரியும்."

அதை அவர் எனக்குச் செய்த உபகாரம் மாதிரி சொன்னார். வெட்கம் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். ஊரில் வளர்ந்த விதம், கம்பி வலைக்குப் பின்னால் பாட்டில் விற்கும் கடையைப் பார்த்துப் பழகிய கண், மாற்ற நாளாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். வெட்கமென்றால் அது எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். இங்கே அவர் என்னை ஆங்கிலத்தில் மூன்று வருடமாகப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கிறார், தமிழில் மட்டும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறார். கையிலிருந்த கரண்டியை எறியாமல் எப்படி மேடையில் வைத்தேன் என்று தெரியவில்லை.

செய்கிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. மதுரை அண்ணனும் அவர் மனைவியும் வர வேண்டும். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், கராஜ் கிடையாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை அந்த மேசையில் அவர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவர் முகம் சுருங்கியது. ஆனால் டீம் வேண்டுமே. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. மேலாளர் பூங்கொத்தோடு வந்தார், அண்ணன் ஒரு டப்பா மிக்சரோடு வந்தார். முதலாளியம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த டோக்காய் பாட்டிலை எனக்குக் கொடுத்திருந்தார். ஐந்து கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தேன், ஒன்று அண்ணனின் மனைவிக்கு. அவர் அதைத் தொடவில்லை, ஆனால் தள்ளியும் வைக்கவில்லை. மேலாளரின் கண் பாட்டிலில் நிலைத்துவிட்டது. என் கணவர் எழுந்து நின்று, என் தோளில் கை வைத்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: என் மனைவி எப்சமில் ஒரு ஒயின் கடைக்குக் கொள்முதல் செய்கிறாள், அதில் அவளை மிஞ்ச ஆளில்லை, இன்றைக்கு நாம் கொடுத்து வைத்தவர்கள். அவர் சொல்லிவிட்டார். ஒரு நொடி என் கண் நிறைந்தேவிட்டது.

அண்ணன் மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தார். "என்னப்பா சொல்ற? தங்கச்சி பிராந்திக் கடையிலயா வேலை பாக்குது?"

என் கணவர் முகத்திலிருந்த சிரிப்பை எடுக்காமலே, என் தோளிலிருந்த கையையும் எடுக்காமலே, தமிழில் சொன்னார். "அட இல்லண்ணே. வெள்ளக்காரன் முன்னாடி ஒரு கெத்துக்குச் சொல்றதுதான்."

மேலாளருக்கு எங்கள் பேச்சு சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும். என்ன சொல்கிறார்கள், எனக்கும் சொல்லுங்களேன் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். இவருடைய நண்பர், நான் மதுக்கடையில் வேலை செய்கிறேனா என்று கேட்கிறார். இவர், இல்லை, உங்கள் முன்னால் பெருமைக்காக அப்படிச் சொன்னேன் என்கிறார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. தோளிலிருந்த கை விலகியது.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஆமாண்ணே, பிராந்திக் கடைதான். ஆறு வருஷமா. இப்ப அங்க எந்த ஒயின் வாங்கறதுன்னு நான்தான் முடிவு பண்றேன். மொதல்ல ஈரலைச் சாப்பிடுங்க, அப்புறம் இதைக் குடிங்க. கோக் கிடையாது." அண்ணன் சரிம்மா என்றார். அவர் மனைவி தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் எல்லோருக்கும் ஊற்றினேன்.

இரண்டாவது தட்டு ஈரல் வறுக்கச் சமையலறைக்குப் போனபோது என் கணவர் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார். "அவர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"உங்களுக்கு ஒருத்தர் முன்னாடி, ஒரு நிமிஷம்" என்றேன். "எனக்கு நம்ம ஆளுங்க எல்லார் முன்னாடியும், ஆறு வருஷம்."

அவர் அங்கேயே நின்றார். ஈரல் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. அடுப்பை அணைத்து, தட்டில் மாற்றி, கதவைத் திறந்துகொண்டு நான் மேசைக்குப் போனேன்.